நிரலின் வரப்புகளும் நிரலாளர் கூட்டமும்

(கிளியனூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றதும் சங்க இலக்கியமோ கல்வெட்டோ கேட்கலாம் என்று வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேசப்போவது மென்பொருளைப் பற்றி. அதிலும் மூலநிரலை ஊரறியத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று விட்டிருக்கும் கட்டற்ற மென்பொருளைப் பற்றி. நமக்குத் தொடர்பில்லாத சங்கதி என்று யாரும் நினைக்கவேண்டாம். உங்கள் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ் கருநிரல். அது 1991-ல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. இன்று பல நிறுவனங்களும் தனியாட்களும் சேர்ந்து அதை எழுதுகிறார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். ஒருவரை ஒருவர் பார்த்திராத இவ்வளவு பேர் சேர்ந்து எழுதும்போது, அந்தக் கூட்டத்தின் அமைப்பு நிரலின் அமைப்பை என்ன செய்கிறது? நிரலின் அமைப்பு கூட்டத்தை என்ன செய்கிறது?

முதல் பாதிக்குப் பழைய விடை ஒன்று உண்டு. மெல்வின் கான்வே என்ற அமெரிக்கக் கணினியாளர் 1967-ல் ஒரு கட்டுரை எழுதி ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார். நிரூபணம் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். 1968 ஏப்ரலில் டேட்டாமேஷன் இதழ் அதை வெளியிட்டது. ஓர் அமைப்பு எதை வடிவமைத்தாலும், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அது அமையும் என்பது அவர் கருத்து. அவர் தந்த எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். எட்டுப் பேர் கொண்ட ஓர் ஆய்வு நிறுவனம் கோபால், அல்கால் என்ற இரு கணினி மொழிகளுக்கு நிரல்மாற்றி, அதாவது எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி, எழுத வேண்டியிருந்தது. கோபாலுக்கு ஐந்து பேரையும் அல்காலுக்கு மூன்று பேரையும் ஒதுக்கினார்கள். கோபால் நிரல்மாற்றி ஐந்து கட்டமாக ஓடியது. அல்கால் நிரல்மாற்றி மூன்று கட்டமாக ஓடியது. மொழியின் இலக்கணம் அப்படிக் கேட்கவில்லை. ஆள் கணக்கு கேட்டது. 1975-ல் பிரெட் புரூக்ஸ் தம் புகழ்பெற்ற நூலில் இதைக் கான்வே விதி என்று குறிப்பிட, அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் இது நிறுவனத்துக்குள் பிறந்த விதி. அங்கே ஆட்களை மேலாளர் முதலில் பிரிக்கிறார். நிரல் பிறகு பிரிகிறது. கட்டற்ற மென்பொருளில் மேலாளரும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. நிரல் முதலில் கிடக்கிறது. ஆட்கள் பிறகு வருகிறார்கள். வந்தவர் எங்கே உட்கார முடியும், எதைத் தொட முடியும், யாரைக் கேட்டுத் தொடவேண்டும் என்பதையெல்லாம் ஏற்கெனவே கிடக்கும் நிரல்தான் முடிவு செய்கிறது. ஆகவே இங்கே கான்வே விதியைத் தலைகீழாகவும் படிக்கவேண்டும். தமிழ் கணினிக்குள் வந்த கதையை அப்படிப் படித்தால்தான் புரியும் என்பது என் துணிபு.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பாத்திக்குள் உப்பு வாருகிறவர் அடுத்த பாத்திக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பல பாத்திகளுக்குப் பொதுவான வாய்க்காலில் கை வைப்பவர் எல்லோரிடமும் சொல்லித்தான் வைக்கவேண்டும். வரப்பே இல்லாமல் ஒரே பரப்பாக விட்டிருந்தால் ஒருவர் கால் வைத்தாலே எல்லார் உப்பும் கலங்கும். கணினியாளர் டேவிட் பார்னாஸ் 1972-ல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். நிரலின் கூறு என்பது வெறும் நிரல்துண்டு அல்ல, ஒருவரிடம் ஒப்படைத்த பொறுப்பு என்றார். உள்ளே என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர் அறியத் தேவையில்லாதபடி பிரிக்கவேண்டும் என்றார்.

வரப்பில்லாத நிரலுக்கு என்ன ஆகும் என்பதை நெட்ஸ்கேப் காட்டியது. 1998 மார்ச் 31 அன்று அந்த நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை மொசில்லா என்ற பெயரில் உலகுக்குத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர் ஓடிவருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பதிவிறக்கிப் பார்த்தவர்கள் ஏராளம். தங்கி வேலை செய்தவர்கள் சொற்பம். அந்த நிரல் ஒரே கட்டிடத்தில் உட்கார்ந்து, நினைத்தபோது எழுந்துபோய்ப் பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்ளக் கூடியவர்கள் எழுதியது. ஓரிடத்தைத் தொட்டால் எங்கெங்கோ அசைந்தது. அடுத்த ஆண்டுக்குள் அதைப் பெரும்பாலும் கைவிட்டுப் புதிய அடித்தளத்தில் எழுத ஆரம்பித்தார்கள். ஹார்வர்டு வணிகப்பள்ளியைச் சேர்ந்த மெக்கார்மக், ரஸ்னாக், பால்ட்வின் மூவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. ஒரு கோப்பை மாற்றினால் எத்தனை கோப்புகளைப் பாதிக்கக்கூடும் என்று கணக்கிட்டு லினக்ஸையும் மொசில்லாவையும் ஒப்பிட்டார்கள். தொடக்க மொசில்லா லினக்ஸைவிடப் பன்மடங்கு பின்னிக்கிடந்தது. திருத்தி அமைத்த பிறகு லினக்ஸைவிடவும் தளர்ந்திருந்தது. கதவைத் திறந்து வைத்தால் போதாது, உள்ளே நிற்க இடம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இதற்கு நேரெதிரான வழக்கும் உண்டு. வேண்டுமென்றே வரப்புப் போடாமல் வைத்த நிரல் ஒன்று. 1987-ல் முதலில் வெளிவந்த குனு நிரல்மாற்றி, சுருக்கமாக ஜிசிசி. அதன் உட்பகுதிகளைத் தனித்தனி நூலகங்களாகப் பிரித்துவிட்டால், தனியார் நிறுவனங்கள் தங்கள் மூடிய கருவிகளை அதோடு ஒட்டிக்கொண்டு, திருப்பி எதுவும் தராமல் போய்விடும் என்று அதைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அஞ்சினார். பிரிக்காமல் வைப்பதே கொள்கையாக இருந்தது. அவரது அச்சம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை இருந்தது. 2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் ஆத்வேயும் எல்எல்விஎம் என்ற நிரல்மாற்றித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது ஆரம்பம் முதலே தனித்தனி நூலகங்களாக எழுதப்பட்டது. ஆய்வு மாணவர்களும் புது மொழி படைப்பவர்களும் ஆப்பிள் போன்ற நிறுவனங்களும் அங்கே குவிந்தார்கள். ரஸ்ட், ஸ்விஃப்ட் போன்ற இன்றைய மொழிகள் அதன்மேல்தான் நிற்கின்றன. ஜிசிசி 2010-ல் செருகுநிரல்களுக்கு வாசல் திறந்தது. உரிமப் பத்திரத்தில் எழுதாத கொள்கையைக்கூட நிரலின் கட்டமைப்பில் எழுதி வைக்கமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறியேன்.

இனி நம் கதை.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸ் மேசைத்தளங்களைத் தமிழாக்கச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் ஆர்வலர்கள் புறப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அந்த நிரல்கள் எழுதப்பட்ட சி மொழி தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஏனென்றால் குனு கெட்டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு, திரையில் தோன்றும் சொற்களை நிரலிலிருந்து பிரித்து 'பிஓ' என்ற தனிக் கோப்பில் வைத்திருந்தது. மேலே ஆங்கில வரி, கீழே தமிழ் வரி. பள்ளி ஆசிரியர் ஒருவர்கூட உட்கார்ந்து நிரப்பலாம். நிரலில் எந்த வரியும் உடையாது. தமிழ் உள்ளே வந்த முதல் வாசல் அது.

இரண்டாவது வாசல் விசைப்பலகை. ஜப்பானின் ஆய்வு நிறுவனம் ஒன்றில் உருவான எம்17என் நூலகம், எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்ற விதிகளை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி உரைக் கோப்பாக வைத்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பு, பழைய தட்டச்சு முறை, ஒலியடிப்படை முறை எல்லாம் அப்படிக் கோப்பு கோப்பாக லினக்ஸுக்குள் வந்து சேர்ந்தன. ஜப்பானியப் பொறியாளருக்குத் தமிழ் தெரிய வேண்டாம். தமிழருக்கு அவருடைய நிரல் புரிய வேண்டாம்.

இதுவரை கேட்டவர்களுக்கு நான் வரப்பின் புகழ் பாடுவதாகத் தோன்றலாம். இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். அந்த வரப்பே நம்மை அதற்கு அப்பால் போகவிடாமலும் நிறுத்தியது. சொல்கோப்புகள் மட்டுமே நமக்குத் திறந்திருந்ததால் நாம் சொல்லாக்கர்களின் கூட்டமாக ஆனோம். கலைச்சொல்லைப் பற்றி மாதக்கணக்கில் மோதிக்கொள்ளத் தெரிந்த கூட்டத்தில், எழுத்து ஏன் திரையில் உடைந்து தெரிகிறது என்று நிரலுக்குள் போய்ப் பார்க்கக் கூடியவர்கள் மிகச் சிலர். லினக்ஸ் மேசைத்தளங்களில் குனோமுக்கு ஒரு குழு, கேடிஇ-க்கு ஒரு குழு, மொசில்லாவுக்கு ஒரு குழு. திட்டங்கள் பிரிந்திருந்தபடியே நாமும் பிரிந்தோம். விளைவாக ஒரே திரையில் ஒரு சாளரம் 'அடைவு' என்றது, பக்கத்துச் சாளரம் 'கோப்புறை' என்றது. கான்வே பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

எழுத்து உடைந்த கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோட் இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. ஆனால் திரையில் அந்த ஒற்றைக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்கவேண்டும். இந்த வேலையைச் செய்வது எழுத்துவடிவ இயந்திரம். அந்நாளில் குனோம் பக்கத்தார் பாங்கோ என்ற நூலகத்தில் ஒன்றை வைத்திருந்தார்கள். கேடிஇ-யின் அடித்தளமான க்யூட்டி தனக்கென்று ஒன்றை வைத்திருந்தது. ஓப்பன் ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் மூன்றாவதாக ஐசியூ என்ற நூலகத்தை நம்பியது. பாங்கோவும் க்யூட்டியும் ஒரே பழைய நிரலைத் தனித்தனியே நகலெடுத்துத் தங்கள் போக்கில் வளர்த்தவை என்பது வேடிக்கை. மூன்று சமூகங்கள் தங்களுக்குள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அதனால் மூன்று இயந்திரங்கள். ஓரிடத்தில் தமிழ் சரியானால் மற்ற இடத்தில் உடைந்திருக்கும். நாம் மூன்று வாசலிலும் நின்று முறையிட வேண்டியிருந்தது.

இது தீர்ந்தது எப்படி? ஈரானில் பிறந்து கனடாவில் படித்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் என்ற நிரலாளர், ஹார்ஃப்பஸ் என்ற பெயரில் பொதுவான இயந்திரத்தை அடியிலிருந்து மறுபடி எழுதினார். 2012 வாக்கில் அதில் இந்திய எழுத்துகளுக்கான பகுதி உருவானது. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் அதையே பயன்படுத்துகின்றன. ஓப்பன் ஆஃபிஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆஃபிஸின் 2017-ல் வந்த 5.3 பதிப்பு எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறியது. தமிழில் பிழை தெரிந்தால் இப்போது ஓரிடத்தில் சொன்னால் போதும். மூன்று கூட்டங்களின் நடுவே நின்று பேசக் கூடிய ஓர் ஆள் கிடைத்ததும் மூன்று நிரல்கள் ஒன்றாயின. அந்த ஆள் தமிழர் இல்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்தில் தமிழர் கூட்டம் இல்லாமல் போனது பற்றி வருத்தம் உண்டு.

எழுத்துப்பிழை திருத்தியிலும் இதே சிக்கல். லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் பயன்படுத்தும் ஹன்ஸ்பெல், ஹங்கேரிய மொழிக்காக எழுதப்பட்டது. அதுவும் விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழி. அதனால் ஒரு சொல்லின் முடிவில் இரண்டு அடுக்கு விகுதிகளைக் கழற்றிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. சொற்பட்டியல் ஒரு கோப்பு, விகுதி விதிகள் இன்னொரு கோப்பு. எந்த மொழிக்காரரும் நிரப்பலாம் என்று வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் 'வீடுகளிலிருந்துதான்' என்ற சாதாரணச் சொல்லைப் பாருங்கள். வீடு, கள், இல், இருந்து, தான். இடையில் புணர்ச்சி வேறு. இரண்டு அடுக்கில் இதை அடக்க, விகுதிகளை முன்கூட்டியே கோத்துக் கோத்து ஆயிரக்கணக்கில் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. புலவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் கோப்பு நிறையுமே தவிரச் சிக்கல் தீராது. இயந்திரத்துக்குள் இறங்கவேண்டும். இலக்கணம் தெரிந்தவருக்கும் நிரல் தெரிந்தவருக்கும் நடுவே கோப்பு நிற்கும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்க்கப்போவதில்லை.

இறங்கியவர்களும் இருக்கிறார்கள். முத்து அண்ணாமலை 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கினார். அதைச் சுற்றி வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இன்று பலருக்கும் பயன்படுகிறது. அது எதற்கு என்று கேட்டால் இந்த ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'கிளியனூர்' என்று எழுதி அதன் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் 9 என்று சொல்லும். நம் கணக்கில் எழுத்து ஐந்து. கணினி குறிகளை எண்ணுகிறது, நாம் எழுத்தை எண்ணுகிறோம். ஓப்பன்-தமிழ் நம் கணக்கில் எண்ணித் தரும். கணியம் இதழை 2012 முதல் நடத்திவரும் த. சீனிவாசன் போன்றோர் இத்தகைய முயற்சிகளைத் தமிழில் எழுதியும் பேசியும் ஆள் சேர்த்துவருகிறார்கள். ஆனாலும் நம்முடைய கருவிகளில் பல ஒன்றிரண்டு பேர் தோளில்தான் நிற்கின்றன.

ஒருவர் தோளில் நிற்பது உலகம் முழுக்க உள்ள நோய். 2024 மார்ச் 29 அன்று அது வெளிப்பட்ட விதத்தைச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் பேசமுடியாது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல். பின்லாந்துக்காரர் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஆண்டுக்கணக்கில் தனியாகப் பராமரித்துவந்தார். மனம் சோர்ந்த நேரத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். நல்ல திருத்தங்களாக அனுப்பி, படிப்படியாக நம்பிக்கை பெற்று, வெளியீட்டு உரிமையும் பெற்றார். பிறகு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவுவாசல் ஒன்றை ஒளித்துவைத்தார். அதன் குறி எக்ஸ்இசட் அல்ல; தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச். அதை எழுதுபவர்கள் எக்ஸ்இசட்டைத் தொட்டதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வினியோகத்தார் ஒரு வசதிக்காக ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சோடு, கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் நூலகத்தை இணைத்திருந்தார்கள். சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்துவந்தது. நிரல்கள் மூன்றும் தொட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் ஆட்கள் ஒருவரையொருவர் அறியவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்ததால் பிடிபட்டது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கடால்டோ, ஹெர்ப்ஸ்லெப் முதலியோர் 2006-லேயே ஒரு பெரிய மென்பொருள் திட்டத்தை ஆராய்ந்து சொன்னார்கள்: நிரலில் சார்பு இருக்கும் இடத்தில் ஆட்களுக்குள் பேச்சும் இருந்தால் வேலை விரைவில் முடிகிறது. பேச்சு இல்லாத இடத்தில் இழுக்கிறது. எக்ஸ்இசட்டில் வேலை இழுத்ததோடு நிற்கவில்லை, திருடன் நுழைந்தான். இங்கேதான் வரப்பின் இன்னொரு முகம் தெரிகிறது. கூறுகளைச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு பாத்திக்கும் ஒருவர்தான் மிஞ்சுவார். 2016-ல் அஸர் கோசுலு என்பவர் எதிர்ப்பாகத் தம் நிரல்களைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அவற்றில் ஒன்றான லெஃப்ட்-பேட், வெறும் 11 வரி, அதை நம்பியிருந்த எண்ணற்ற நிரல்களை ஒரே நாளில் நிறுத்தியது.

நம் அரசும் ஒரு காலத்தில் கட்டற்ற மென்பொருளை வீட்டுக்கு வீடு அனுப்பியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். கருவி வந்தது, அதைப் பற்றிக் கேட்க ஓர் ஆளோ, கூடிப் பேச ஓர் இடமோ கூட வரவில்லை. இந்தக் குறையை இப்போது அரசுக்கு வெளியே உள்ளவர்கள் நிரப்புகிறார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் இருக்கிறது. இங்கிருந்து இரண்டும் பேருந்துத் தொலைவுதான்.

எந்தத் திட்டத்தில் சேரலாம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். புகழ்பெற்ற திட்டத்தின் பெயரைப் பார்த்து ஓடாதீர்கள். முதலில் மூலநிரலை இறக்கி, யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைத் திறந்து, ஒவ்வொரு அடைவிலும் கடந்த ஓராண்டில் எத்தனை பேர் கை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு ஒரே கட்டளை போதும், கிட் ஷார்ட்லாக். பத்துப் பெயர் இருக்கும் அடைவில் நீங்கள் பதினோராவது ஆள். கற்றுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் முதல் திருத்தம் வரிசையில் காத்துக் கிடக்கும். ஒரே பெயர் இருக்கும் அடைவு தமிழோடு தொடர்புடையதாக இருந்தால் அங்கே போங்கள். நிரலைத் தொடுமுன் அந்தப் பெயருக்குரியவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, எந்தச் சோதனைகளை அவர் கையாலேயே ஓட்டுகிறார் என்று கேளுங்கள். அந்தச் சோதனைகளைத் தானாக ஓடும்படி எழுதிக் கொடுப்பது உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கட்டும். அதைச் செய்யும்போது இயந்திரம் முழுக்க உங்களுக்குப் பழகிவிடும். இரண்டாவது பெயராக உங்களைச் சேர்க்க அவர் தயங்கமாட்டார்.